நிஷ்டை என்று சொன்னவர்

வெள்ளியங்கிரிச் சாமியாருக்கு வயது நாற்பது. சீடர் நல்லசிவத்துக்கு அறுபத்து மூன்று. தபால் ஆபீசில் ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். காலையும் இரவும் சாமியாருக்கு வலிப்பு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. யார் கண்ணிலும் படாமல் கொடுப்பார். மறைத்துக் கொடுக்கும்படி சாமியார் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு பௌர்ணமி பூசையில், நூறு பேர் முன்னால் சாமியார் சரிந்து விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. நல்லசிவம் பதறிப்போய்க் கத்தினார்.

"சாமி நிஷ்டையில இருக்காருங்க! யாரும் தொடாதீங்க!"

கூட்டத்துக்கு இது போதாதா? கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க ஆளில்லாமல், வாயில் நுரையோடு மல்லாந்து கிடந்தார் சாமியார்.

தெளிந்து எழுந்தவரிடம் நல்லசிவம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பத்து நாள் கழித்து, காலையில் தெய்வானை என்ற பெண் தன் மகளோடு வந்தாள். மகளின் இடது கையில் பெரிய கட்டு.

"இவளுக்கும் உங்களாட்ட நிஷ்டைதானுங்க சாமி. வலிப்புன்னு நெனச்சு மாத்திரை குடுத்துட்டு இருந்தேன், பாவி. பூசையன்னிக்கே நிறுத்திப்போட்டேன். முந்தாநேத்து அடுப்புமேலயே விழுந்துட்டா."

மாத்திரை டப்பாவோடு பக்கத்தில் நின்றிருந்தார் நல்லசிவம். தலை நிமிரவில்லை.

சாமியார் அவரைப் பார்த்தார். மாத்திரை டப்பாவை வாங்கி, தாயும் மகளும் பார்க்க ஒன்றை எடுத்து விழுங்கினார்.

"எனக்கு வர்றது வலிப்பும்மா. உம் மகளுக்கும் அதேதான். இன்னைக்கே டாக்டர்கிட்டப் போய், நிறுத்தினதைச் சொல்லு. அவரைக் கேக்காம இனி ஒரு வேளைகூட விடாதே. இழுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வை. கையில சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயிலயும் எதையும் வைக்க வேண்டாம். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு."

அவர்கள் போனதும் நல்லசிவம் காலில் விழுந்தார்.

"உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் சாமி அப்படிச் சொன்னேன்."

"இன்னும் எத்தனை வீட்டுல நிறுத்தியிருக்காங்களோ. சாயங்காலம் பூசையில சொல்லிடுங்க ஐயா."

"வெக்கமா இருக்குதுங்க சாமி."

"எனக்கு வலிப்புன்னு சொல்றதுக்கா?"

"இல்லீங்க. நான் பொய் சொன்னேன்னு சொல்றதுக்கு."

சாமியார் டப்பாவை மூடினார்.

"வலிப்புக்கு மாத்திரை இருக்குதுங்க ஐயா. இதுக்கு இல்லை. நீங்கதான் எந்திரிச்சு நின்னு சொல்லோணும்."