ஐயனாரைச் சுற்றி வந்த கார்

பொட்டலூர் அண்ணன் தம்பி மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். அவர்களுக்கு ஒரே தங்கை தவமணி. அவள் படும் பாட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று வெள்ளிக்கிழமை, ஐயனார் கோயிலில் அவள் மகளுக்குக் காதுகுத்து. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் மூத்த மாமன் மலையாண்டி மடியில் பிள்ளையை வைத்துக் குத்தியாக வேண்டும்.

பார்த்தால் கார் கிளம்பவில்லை. மெக்கானிக் சேவியர் வந்தார். ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்றார். பெல்ட்டை இறுக்கி, வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பியும் விட்டார். அப்போது மணி பத்தாக ஐந்து நிமிடம்.

“அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டுங்க. ஹாரன், லைட்டு எதுவும் வேண்டாம்.”

கோயில் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. கார் நிற்கவில்லை. ஊர்ந்த காரிலிருந்து தவமணி பிள்ளையோடு குதித்தாள். காரை ஓட்டிய மலையாண்டி கோயிலைச் சுற்ற ஆரம்பித்தார். ஹாரன் கூடாதே என்று கடைசித் தம்பி சன்னாசி, “பாம் பாம்” என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினான். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து இரண்டு பேர் பின்னால் கும்பிட்டபடி நடந்தார்கள்.

தவமணி காரோடு ஓடினாள். “எஞ்சின் பாட்டுக்கு ஓடட்டும். இல்லேன்னா சின்னண்ணன் ஓட்டட்டும், நீ எறங்குண்ணே.”

பக்கத்திலிருந்த நடு அண்ணன் வெள்ளையன் தலையசைத்தார். “நான் மணி பாக்குறேன். ரெண்டு வேலையை ஒருத்தன் பாத்தா அரை மணி முக்கால் மணி ஆயிடும், ஆத்தா.”

பத்து இருபத்தைந்துக்கு மலையாண்டி இறங்கி வந்து உட்கார்ந்தார். ஆசாரி பிள்ளையின் வலது காதைக் குத்தினார். மறு காதுக்குத் திருப்புவதற்குள் வெள்ளையன் குனிந்தார்.

“அண்ணே, வலமாத்தானே சுத்துனோம்?”

“சாமியை இடமாவா சுத்துவாங்க?”

“பேட்டரிக்குப் பிளஸ்ஸு ஒரு முனை, மைனஸ்ஸு ஒரு முனை. ஒரு பக்கமாவே சுத்துனா ஒரு முனையிலதானே ஏறியிருக்கும்?”

மலையாண்டிக்கு முகம் வெளுத்தது. மடியிலிருந்த பிள்ளையோடு எழுந்து காரில் ஏறி, இடமாகச் சுற்றப் புறப்பட்டார்.

ஊசியும் கையுமாக ஆசாரி பின்னால் ஓடினார். மூச்சு வாங்க ஜன்னலைப் பிடித்து, “ஐயா, காதை மட்டும் கொஞ்சம் வெளிய நீட்டுங்க” என்றார்.

மலையாண்டி என்றைக்குச் சொன்ன சொல்லைத் தட்டியிருக்கிறார்? நீட்டினார். ஆசாரியும் ஓட்டத்தில் எட்டிய காதைக் குத்தினார்.

மாமனுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொரு காது முடிந்தது. ராகுகாலத்துக்கு இன்னும் ஒரு நிமிடம் இருப்பதாக வெள்ளையன் சொன்னார்.