நாலு சுத்து சும்மா

எங்க மெல்லிசைக் குழுவுல மாஸ்டருக்கு வயசு முப்பத்திமூணு, சிஷ்யருக்கு ஐம்பத்தஞ்சு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். நானும் சிரிச்சவன்தான்.

மாஸ்டர் பேரு ஜெபராணி, கீபோர்டு வாசிக்கிறவங்க. சிஷ்யர் பொன்னுத்துரை அண்ணாச்சி. பாளையங்கோட்டையில இருபத்தாறு வருசம் மினி பஸ் ஓட்டிட்டு, அதுக்கப்புறம் மாஸ்டர்கிட்ட பேஸ் கிட்டார் கத்துக்கிட்டவர். நான் டிரம்ஸ். ரெண்டு பேருக்கும் நடுவுல உட்காருறவன், அதனால எல்லாம் என் காதுல விழும்.

அண்ணாச்சியோட பழைய ஆம்ப்ளிஃபயர் ரெண்டு கல்யாணத்துல பாட்டு நடுவுல உயிரை விட்டுட்டு. குழு நடத்துற செல்வினுக்கு மூக்கு மேல கோபம்.

"மூணாவது தடவை பேஸ் நின்னா நீங்க வீட்டுல இருந்துக்கிடுங்க அண்ணாச்சி. வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

அந்த வாரமே அண்ணாச்சி கோவில்பட்டி போய், கலைஞ்சுபோன ஒரு குழுகிட்ட இருந்து பழைய ஆம்ப் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். வீட்டுல வச்சு வாசிச்சுப் பாத்திருக்கார். அடுக்களையில தட்டெல்லாம் ஆடிச்சாம். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல தலையை நீட்டி, "என்ன அண்ணாச்சி, இடி கிடி விழுந்துட்டா?"ன்னு கேட்டாங்களாம்.

"அம்மி மாதிரி இருக்கு. இதுல பாட்டா வரும்?"னு நான் கேலி பண்ணினேன்.

"வரும்வே, பாரும்"னார்.

மறுநாள் மத்தியானம், கல்யாண வரவேற்பு. முதல் பாட்டு முடிஞ்சப்ப அண்ணாச்சிக்கு வேர்த்து ஊத்துது.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"ஆம்ப்ல லைட்டு எரியுதா?"

"எரியுது. வீட்டுல வீடே ஆடிச்சே!"

"வீட்டுல இவன் டிரம்ஸ் இல்லலா"ன்னு மாஸ்டர் என்னைக் கை காட்டினாங்க.

ரெண்டாவது பாட்டுல அண்ணாச்சி வால்யூமைக் கூட்டினார். கேக்கல. இன்னும் கூட்டினார். ஆம்ப் கரகரன்னு இரைய ஆரம்பிச்சுட்டு. மண்டபத்துக் கடைசியில சவுண்டு மிக்ஸர் பக்கத்துல நின்ன செல்வின் கையைத் தூக்கி முறைச்சார்.

பாட்டு முடிஞ்சதும் மாஸ்டர் எழுந்து வந்தாங்க. வால்யூமைப் பழைய இடத்துக்குக் குறைச்சாங்க. அந்த வால்யூம் திருகு பழசு, தொளதொளன்னு இருந்தது. ஒரே இழுப்புல அதைப் பிடுங்கிக் கைப்பையில போட்டுக்கிட்டாங்க.

"மாஸ்டர்! இனி நான் எப்படிக் கூட்டுறது?"

"கூட்ட வேண்டாம்."

அண்ணாச்சி துண்டால முகத்தைத் துடைச்சார். "நான் வாசிக்கிறது யாருக்காவது கேக்குதா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

மாஸ்டர் நாலு விரலை நீட்டினாங்க.

"அடுத்த பாட்டு, ரெண்டாவது சரணம். ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நாலு சுத்து எண்ணுங்க. அதுவரை வாசிக்காதீங்க. சும்மா இருங்க."

"ஐயோ, செல்வின் என்னைத் துரத்திருவாரே!"

"கேட்டது நீங்கதானே?"

"வேண்டாம் மாஸ்டர், வீண் வம்பு"ன்னு நானும் சொன்னேன்.

"நீ உன் வேலையைப் பாரு."

பார்த்தேன். ரெண்டாவது சரணம் வந்தது. அண்ணாச்சி கண்ணை இறுக மூடி, உள்ளங்கையால தந்திகளை அமுக்கிட்டார்.

எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிஞ்சும் டிரம்ஸ் மிதிக்கிற என் கால் தடுமாறிட்டு. நிக்கிற பலகையை யாரோ உருவின மாதிரி இருந்தது. ஆறு வருசமா டிரம்ஸ் நான்தான் தூக்கி நிறுத்துறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவன். பாடுற பொண்ணு பாதி வரியில பின்னால திரும்பினா. முன்னாடி ஆடிக்கிட்டிருந்த மாப்பிள்ளையோட கூட்டாளிங்க கால் தப்பி, ஒருத்தனை ஒருத்தன் பாத்துட்டு மேடையைப் பாத்தானுங்க. செல்வின் கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு ஓடி வந்தார்.

நாலு சுத்து. அண்ணாச்சி கையை எடுத்து வாசிச்சார்.

என் கால் தானா சரியாயிட்டு. பொண்ணு முன்னால திரும்பிக்கிட்டா. ஆடுறவங்க ஆடினாங்க. செல்வின் மட்டும் பாதி வழியில மூச்சு வாங்கிக்கிட்டு நின்னார்.

பாட்டு முடிஞ்ச கையோட மேடை ஏறிட்டார்.

"மூணாவது தடவை! இதுவும் போச்சா?"

அண்ணாச்சி தலை குனிஞ்சு நின்னார். கிட்டாரைக் கழட்டக் கையைக் கூட கொண்டு போயிட்டார்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்"னாங்க மாஸ்டர். "கடைசியில நின்னீங்களே செல்வின், உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாமலா? வயித்துக்குள்ள வெறிச்சுன்னு ஆயிட்டு. அதான் ஓடியாந்தேன்."

"அப்ப ஆம்ப் நல்லாருக்கு."

செல்வின் மாஸ்டரைப் பாத்தார், அம்மியைப் பாத்தார், கடைசியில அண்ணாச்சியைப் பாத்தார்.

"இதையே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. இன்னொரு தடவை இந்த மாதிரி சோதனை பண்ணினா மாஸ்டரையும் சேர்த்து அனுப்பிருவேன்."

"அப்பாடா"ன்னு அண்ணாச்சி விட்ட மூச்சு மைக்குல கேட்டது. மிச்சப் பாட்டெல்லாம் அவர் ஆம்ப் பக்கம் திரும்பவே இல்ல.

கடைசிப் பந்தியில நாங்க மூணு பேரும் வரிசையா உட்கார்ந்தோம். காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்காத அண்ணாச்சி, ரெண்டு தடவை சோறு வாங்கினார். பாயசம் வந்தப்ப மெதுவாக் கேட்டார்.

"ஒரு சந்தேகம் மாஸ்டர். நான் நிறுத்தினப்ப எல்லாரும் என்னைப் பாத்தாங்க. வாசிச்சப்ப ஒருத்தர் கூடப் பாக்கலியே?"

மாஸ்டர் இலையில இருந்து தலையை நிமிர்த்தல.

"இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டினீங்களே அண்ணாச்சி. நல்லா ஓட்டின நாள்ல உள்ள இருக்கவங்க என்ன செய்வாங்க?"

அண்ணாச்சி பாயசத்தை வழிச்சு வாயில போட்டார்.

"தூங்குவாங்க மாஸ்டர்."

மாஸ்டர் இடது கையால கைப்பையைத் திறந்து, அந்தத் திருகை எடுத்து அவர் இலையோரம் வச்சாங்க. அண்ணாச்சி அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்.