காவி கேட்ட பாத்திரக்கடைக்காரர்

மலையை விட்டு இறங்கி வரும் ஆறு முதன்முதலாகச் சமதரையில் கால் நீட்டும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளை சோறு போடுவார்கள். வேறு பெருமை எதுவும் அந்த மடத்துக்குக் கிடையாது. அதை நடத்தி வந்தவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊரார் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில் தளவாய் அங்கே வந்து சேர்ந்தார். ஐம்பத்து நான்கு வயது. கையில் ஒரு துணிப்பை மட்டும். எங்கே போகிறோம் என்று மனைவி பிரமசக்தியிடம்கூடச் சொல்லாமல் வந்திருந்தார்.

"கொஞ்ச நாள் இங்க இருந்துக்கிடலாமா?"

"சோறு வடிக்கத் தெரியுமா?" என்று சாமி கேட்டார்.

"தெரியாது. பாத்திரம் தேய்க்கத் தெரியும்."

"அப்போ ரொம்ப நாளே இருங்க."

வேறு எதுவும் சாமி கேட்கவில்லை.

தளவாய் தேய்த்த அண்டாவில் முகம் பார்க்கலாம். நசுங்கிக் கிடந்த குண்டாவைக் கட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் சாமி பாடும்போது பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மனம் அடங்கிவிட்டது என்று நினைத்தார்.

ஆனால் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் போதும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். வந்தவன் தபால்காரன் என்று தெரிந்த பிறகும் உடனே திரும்பி வரமாட்டார். இது அமைதி என்றால் ஒரு வண்டிச் சத்தத்துக்கு ஏன் கலைகிறது என்று தன்னையே கேட்டுக்கொள்வார். பதில் தெரிந்த கேள்வி அது. அதனால் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

புரட்டாசி பிறந்தது. ஒரு காலையில் அவர் சாமியின் முன்னால் போய் நின்றார்.

"எனக்குக் காவி குடுங்க சாமி."

சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "உக்காருங்க அண்ணாச்சி. இந்தக் கொத்தைப் பிடிங்க."

தளவாய் உட்கார்ந்து கீரையை உருவத் தொடங்கினார். "எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவனுக்குக் காவி உண்டுலா?"

"உண்டு. நீங்க என்னத்தை எல்லாம் விட்டுட்டு வந்தீங்க?"

"வீடு. பெண்டாட்டி. கட்டிக்குடுத்த மக. பாத்திரக்கடை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மோட்டார் சைக்கிள்ல வாறது யாரு?"

உருவிய கை நின்றுவிட்டது.

"கடன்காரங்க," என்றார் தளவாய். சொல்லி முடித்ததும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அதையும் விட்டுட்டுத்தான் வந்தேன்."

"எதை?"

"கடனை."

சாமி ஒரு பழுத்த இலையைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

"வீடு உங்களுது, விடலாம். கடை உங்களுது, விடலாம். கடன் குடுத்தவங்க பணம்லா? அதை விடுறதுக்கு நீங்க யாரு?"

குரலில் கோபம் இல்லை. கீரையில் மண் இருக்கிறது, இன்னொரு தரம் அலசவேண்டும் என்று சொல்லும் அதே குரல்தான்.

தளவாய்க்கு முகம் சுண்டிவிட்டது. "காவி இல்லைன்னு சொல்லுதீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே. இன்னைக்கு வியாழக்கிழமை, பீர் பாய் கடைக்குப் போற நாள். கூட வாங்க."

பீர் பாயின் பலசரக்குக் கடை சந்தைத் தெருவின் முனையில் இருந்தது. தூரத்தில் சாமியைப் பார்த்ததுமே பாய் தராசை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"வாரும் சாமி. கையை வீசிக்கிட்டு வாறதப் பாத்தாலே தெரியுது. இந்த வாரமும் ஒண்ணும் இல்லை. சரியா?"

"சரிதான் பாய்," என்றார் சாமி.

தளவாய்க்கு வேர்த்தது. சரக்கு வாங்க நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"போன மாசமும் இதே பாட்டுதான். நீரு அங்க மடம் நடத்துதீரு. நான் இங்க என்ன, சத்திரமா நடத்துதேன்?"

"இல்லை பாய். மலையில மழை. ஏறுறதுக்கு ஆள் வரலை. உண்டியல்ல சில்லறைதான் கிடக்கு."

"மூட்டை இறக்குறவன் கேட்டா நான் என்ன சொல்ல? வானத்தைக் கையைக் காட்டவா?"

நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சாமி அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இனிமே கடனுக்கு அரிசி மட்டும் குடுங்க பாய். பருப்பு, புளி வேண்டாம். மோர்ச்சோறு போட்டுச் சமாளிக்கோம். கார்த்திகையில ஆள் வரத் தொடங்கும். அப்போ இருந்து வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாத் தாறேன்."

பாய் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"மலை ஏறி இறங்கி வாறவன் வெறும் மோர்ச்சோறு தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று முணுமுணுத்தார். "துவையலுக்குப் பொரிகடலை கட்டித் தாறேன். சும்மா இல்லை, கணக்குல உண்டு."

"சரி பாய்."

"உக்காரும். டீ வருது. இன்னும் ஏசி முடிக்கலை."

சாமி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்தார். பாய் ஏசி முடித்தார். பிறகு தன் மூட்டு வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தளவாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அது ஆறி ஆடை படிந்துவிட்டது.

திரும்பும்போது வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். அரிசிப்பை தளவாயின் தோளில் இருந்தது.

"காசு இல்லாமப் போய் எதுக்கு ஏச்சு வாங்கணும் சாமி? கையில கொஞ்சம் சேர்ந்ததும் போனா மரியாதையா இருக்கும்லா?"

"காசு இருந்தா யார் கையிலயும் குடுத்தனுப்பலாம் அண்ணாச்சி. இல்லாத அன்னைக்குத்தான் நானே போகணும்."

தளவாய் அரிசிப்பையைத் தோள் மாற்றிக்கொண்டார். கையில் காசு இருந்த நாட்களில் அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தானே போய்க் கொடுப்பார். நாற்காலி போடுவார்கள். இல்லாத நாட்களில் செல்போனை அணைத்துவிட்டு, ஊரில் இல்லை என்று கடைப்பையன் வாயால் சொல்ல வைப்பார். எத்தனை வருஷம்? அந்தப் பையன் ஒருமுறைகூட வந்தவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து அதைச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மடைக்கல் அருகே அவராகவே நின்றார். பையை இறக்கி வைத்தார்.

"வட்டிக்கு வாங்கி மொய் எழுதினேன் சாமி."

"மொய்யா?"

"சொந்தக்காரங்க கல்யாணம் ஒண்ணு விடாம. தளவாய் கை சுருங்கிட்டுன்னு ஒருத்தனும் சொல்லிரக் கூடாது. ஆயிரம் எழுதுற இடத்துல ஐயாயிரம். மைக்குல பேரை வாசிப்பான்."

"கேக்க நல்லாத்தான் இருந்திருக்கும்."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் தளவாய். சொல்லிவிட்டுச் சிரித்தார். மடத்துக்கு வந்த பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை. "கடைக்குள்ள காலி அட்டைப்பெட்டியை மேல் தட்டு வரைக்கும் அடுக்கி வச்சிருந்தேன். பாக்கிறவனுக்குச் சரக்கு நிரம்பி வழியிற மாதிரி. ஒருநாள் பூனை ஒண்ணு ஏறி மொத்தமும் சரிஞ்சிட்டு. உள்ளே ஒண்ணும் இல்லைன்னு அந்தப் பூனைக்குத்தான் முதல்ல தெரியும்."

சாமியும் சிரித்தார். பிறகு, "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"நிறைய."

"தொகையைச் சொல்லுங்க அண்ணாச்சி."

"கூட்டிப் பாத்ததில்லை சாமி. ஒருத்தன் கேட்டா அவனுக்கு மட்டும் பதில் சொல்லுவேன். எல்லாரையும் ஒண்ணா நினைச்சுப் பாத்ததே இல்லை."

"நினைப்போம். உக்காருங்க."

மடைக்கல்மேல் உட்கார்ந்தார்கள். தளவாய் ஒவ்வொரு பேராகச் சொன்னார். பேங்க். நகைக்கடைத் தெரு பைனான்ஸ். சரக்கு போட்ட கம்பெனி. கைமாற்றாகக் கொடுத்த மூன்று நண்பர்கள். சாமி ஒவ்வொரு பேரையும் மெதுவாகத் திரும்பச் சொல்லி, தொகையை விரலில் ஏற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் தளவாய் நிறுத்திவிட்டார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஒரு ஆள்."

"யாரு?"

"பிரமசக்தி." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ நகையை அடகு வச்சிருந்தேன். பேங்க்ல பத்திரமா இருக்கு, திருப்பிருதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அது ஏலத்துல போயி ஒரு வருசம் ஆச்சு. பேத்தி காது குத்துக்கு எடுக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தா. கடன்காரனுக்குப் பயந்து வரலை சாமி. அவங்கட்ட ஒளிஞ்சு ஒளிஞ்சு பழகிட்டேன். காது குத்துக்கு நாள் பாத்துட்டாங்க. அதான் வந்துட்டேன்."

சாமி அந்தத் தொகையையும் விரலில் ஏற்றினார். கூட்டி முடித்தபோது இருபத்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தளவாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு தொகையா என்று சாமி சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்கினார்.

"பெரிய தொகைதான்," என்றார் சாமி.

விசித்திரமாக, அந்தச் சொல் தளவாய்க்கு ஆறுதலாக இருந்தது. தான் மட்டும் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இன்னொருவர் கை வைத்துப் பார்த்து, ஆமாம், கனம்தான் என்று சொன்னதுபோல.

"இந்த வயசுல இதை அடைச்சு முடிப்பேனா சாமி?"

"முடியாமக்கூடப் போகலாம்."

"அப்புறம் எதுக்குப் போறது?"

"பீர் பாய் கணக்கு என்னைக்குத் தீரும்னு எனக்கும் தெரியாது. ஆனா அவர் தெருவை நான் சுத்திப் போறதில்லை."

தளவாய் கல்லைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு தனக்கே சொல்வதுபோலப் பேசினார்.

"கடையைக் காலி பண்ணினா அட்வான்ஸ் திரும்பி வரும். அதை அந்த நண்பர்களுக்குப் பிரிச்சுக் குடுத்துரலாம். பேங்க்ல போய்த் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கணும். எனக்கு வேலை தெரியும். எதிர்க்கடைக்காரன் ஆள் வேணும்னு போர்டு போட்டிருந்தான். சம்பளத்துக்கு நிக்கலாம்."

"நிக்கலாம்."

"நான் முதலாளியா இருந்த தெரு. சிரிப்பாங்க."

"முதல் வாரம் சிரிப்பாங்க. அப்புறம் குக்கருக்குக் கேஸ்கட் இருக்கான்னு கேப்பாங்க."

மறுநாள் காலை சாமி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். காவியைப் பற்றி இருவருமே பேசவில்லை. மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

தளவாய் துணிப்பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"பேங்க்காரன்ட்ட பேசிருவேன். பைனான்ஸ்காரன் வாயைத் தொறந்தா நாறும், அவன்ட்டயும் நின்னுருவேன்," என்றார். "முதல்ல வீட்டுக்குப் போகணும்லா?"

"முதல்ல வீட்டுக்குத்தான்."

"என்ன சொல்ல? எப்படித் தொடங்க?"

"நகை இல்லைன்னு தொடங்குங்க."

"எடுத்த எடுப்பிலேயா?"

"பின்னே? காரணத்தை முதல்ல சொன்னா, நகைக்கு வந்து சேர மாட்டீங்க."

வளைவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. தளவாய் ஒரு காலைப் படியில் வைத்தவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அவ கதவையே தொறக்கலேன்னா சாமி?"

சாமி அவர் தோளில் கை வைத்து மேலே ஏற்றிவிட்டார்.

"வெளியே நின்னே சொல்லுங்க அண்ணாச்சி. கதவுக்கு அந்தப் பக்கம் அவங்க நின்னுக்கிட்டுத்தான் இருப்பாங்க."