முதல் பொட்டு

சுர்ரென்று ஒரு சத்தம், ஈரச் சந்தனம் சூட்டில் காய்ந்த சத்தம், இத்தனை வருடம் கழித்தும் என் காதில் இருக்கிறது.

கோவையில் நூல் சோதிக்கும் கருவி செய்யும் கம்பெனி அது. நானும் அங்கே இருந்தேன். கருவியின் மூளை, என்ன வேலை செய்ய வேண்டும் என்று நாமே எழுதி ஏற்றும் ஒரு சில்லு (சிப்). அதற்கு மின்சாரத்தைக் குறைத்து ஒரு வோல்ட்டாகத் தரும் ரெகுலேட்டர் என்ற பாகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை, புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் குணவதிக்கு வந்தது.

"பழைய ரகம் வேண்டாம் சார். அஞ்சு வோல்ட்டை ஒண்ணாக் குறைச்சுட்டு, மிச்சத்தையெல்லாம் சூடாக்கிடும். அவ்வளவு சூடாகாத ஸ்விட்ச்சிங் ரகம் போடலாம்."

முதலாளி கோதண்டபாணி சிரித்தார். "எனக்கே பாடமா? நான் சொல்றதையே போடு. சூடு தணிக்க ஃபேனும் கூடாது. கருவி நின்னா உன் வேலை போச்சு."

சொன்னபடியே செய்தாள். வெள்ளோட்டத்துக்கு மில்காரர்கள் வந்திருந்தார்கள். சில்லும் ரெகுலேட்டரும் பதித்த புது மின்சுற்றுப் பலகையை ஓடவிட்டு, முதலாளி கையால் சந்தனப் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். அவர் விரல் சில்லை நோக்கிப் போனது.

"சார், நீங்களே தேர்ந்தெடுத்தது ரெகுலேட்டர்தானே? முதல் பொட்டு அதுக்கு வைங்க" என்றாள் குணவதி, பணிவாக.

பூரித்துப்போய் வைத்தார். உடனே விரலை வாயில் வைத்துக்கொண்டு துள்ளினார்.

"ஏனுங்க, தோசைக்கல்லுங்களா அது?" என்றார் ஒரு மில்காரர். எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த பலகையில் அவள் கேட்ட ரகமே ஏறியது. கருவி நிற்காமல் ஓடியது. ஆனால் அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை. அவளைப் பலகைப் பக்கமே விடாமல் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்.

குணவதி மறுவருடம் வேலையை விட்டாள். இப்போது பல்லடத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள்.