சந்தை ஏடு சொன்ன தீர்ப்பு

செங்கழனி நாட்டு ராஜா மானவேந்திரர் சந்தை மண்டபத்தில் ஒரு பெரிய ஏடு வைத்திருந்தார். தெரிந்ததை யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். தப்பென்று பட்டால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது, எல்லாம் அதில் இருந்தது. ஜனங்களுக்கு உபகாரம்தான்.

நியாயாதிபதி தாண்டவராயருக்கு இன்னும் பெரிய உபகாரம். சாட்சிகளை விசாரிக்கிற சிரமமே விட்டுப்போயிற்று. சேவகனை அனுப்பி ஏட்டைப் பார்த்துவரச் சொல்வார். தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

ஒருநாள் அரண்மனை நெற்களஞ்சியம் கூட்டுகிற வெள்ளச்சியைச் சபையில் நிறுத்தினார்கள். எலித் தொல்லை தாங்காமல் அவள் களஞ்சியத்தில் ஒரு சாரைப்பாம்பைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். ராணியின் தோழி அதைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டாள்.

"அரண்மனைக்குள் விஷப்பாம்பு விட்டதற்காக உன்னை நாடு கடத்துகிறேன்" என்றார் தாண்டவராயர்.

"சாமி, சாரைக்கு விஷமே கிடையாதுங்க. என்னையே நாலு தரம் கடிச்சிருக்கு."

"அது உன் வாய்ச்சொல். சாரை கடித்தால் மூன்று நாழிகையில் மரணம் என்று ஏட்டில் இருக்கிறது."

"இந்த வயசுல நான் எங்க சாமி போவேன்?" என்று அழுதாள் வெள்ளச்சி.

ராஜாவின் ஆலோசகர் ஆவுடையப்பருக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு நாழிகை அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்ததும் ராஜாவைக் கும்பிட்டார்.

"மகாராஜா, இந்தத் தீர்ப்பு செல்லாது. தீர்ப்புச் சொன்னவர் போன செவ்வாய்க்கிழமையே காலமாகிவிட்டார்."

தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "என்ன ஓய் உளறுகிறீர்? இதோ நிற்கிறேனே!"

"அது தங்கள் வாய்ச்சொல். ஏட்டைப் பார்க்கலாமே."

சேவகன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "வாஸ்தவம்தான் மகாராஜா. ஐயா போய்விட்டார். பலாப்பழம் அதிகமாகிவிட்டதாம்."

"இது நீர் எழுதியது!"

"நானேதான். சாரைக்கு விஷம் என்று எழுதியது யார்?"

தாண்டவராயர் சேவகனைப் பார்த்தார்; அவன் கையை விரித்தான்.

"ஏடு மெய்யென்றால் தாங்கள் இல்லை. தாங்கள் இருப்பது மெய்யென்றால் ஏட்டை நம்ப முடியாது. எப்படியானாலும் வெள்ளச்சி வேலைக்குப் போகலாம்" என்றார் ஆவுடையப்பர்.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெள்ளச்சியை விடுவித்தார். ஆவுடையப்பருக்குத் தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையே போர்த்தினார். இனி சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு கூடாது என்று உத்தரவும் போட்டார்.

தாண்டவராயர் தம் மரணத்தை அடிக்க நேரே சந்தைக்கு ஓடினார். அதற்குள் யாரோ கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'மிகவும் நேர்மையான நியாயாதிபதி.' அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அதற்கும் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: 'இதற்குச் சான்று தேவை.'