பானெட்டில் இருந்த சூடு

கதை முடிந்ததும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். ஆகவே காதை மட்டும் கொடுத்தால் போதாது, கண்ணையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் செண்பகவல்லி என்று ஒரு பெண்மணி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபத்தைந்து வருடமாக அவர் உட்கார்ந்த இடம் இடது பக்க இருக்கை. காலடியில் தனியாக ஒரு பிரேக், வாயில் எந்நேரமும் "மெதுவா, மெதுவா". ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நாற்பதைத் தாண்டியதே இல்லை. வேகத்தைச் சொல்கிறேன், வயது எப்போதோ தாண்டிவிட்டது.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. இரண்டே கதவு வைத்த, தரையோடு தரையாகப் பறக்கிற ஒரு ஸ்போர்ட்ஸ் காரை, வலது பக்கம் உட்கார்ந்து, தன்னந்தனியாக ஓட்ட வேண்டும். எல் போர்டு மாட்டிய அவருடைய வண்டியைத் தாண்டி அப்படி ஒரு கார் சீறிப் போனால் போதும். "ரோட்டைப் பாருங்க" என்று கற்றுக்கொள்ள வந்தவரை அதட்டிவிட்டு, அவர் மட்டும் அந்தக் கார் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள், வெங்கிடபதி என்பவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினார். வெங்கிடபதி ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். இப்போது எழுபது வயது, தனியாள். காரின் மூக்கு ஷெட்டுக்குள்ளும் பின்பக்கம் வெளியே வாசலைப் பார்த்தும் இருந்தது. "கண்ணைப் பறிக்கிற சிவப்புங்க அம்மணி" என்றார் வெங்கிடபதி. பின்பக்கம் வெயிலில் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. விற்கிறவர் அப்படித்தானே சொல்வார் என்று செண்பகவல்லி விட்டுவிட்டார். வலது பக்கம் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு இறங்கவே மனம் வரவில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். ஆசைப்பட்ட பொருளில் தனக்குக் குறை தெரியாது என்று அவருக்கே தெரியும். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போவதுதான் நம் ஊர் வழக்கம். அந்த ஆள் விற்கிறவருக்கும் தெரிந்தவராக இருப்பார். முகதாட்சண்யத்துக்காக "வண்டி தங்கம்" என்பார். ஆகவே இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத ஃபெலிக்ஸைப் பிடித்தார். பழைய கார்களைச் சோதித்துச் சொல்வதுதான் ஃபெலிக்ஸுக்குத் தொழில். கார் வாங்குவதில்லை, விற்பதில்லை, சிரிப்பதும் இல்லை.

ஃபெலிக்ஸ் வெங்கிடபதியிடம் போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது, சார்." இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இஞ்சின் முதல்முறை உறுமும்போதுதான் சில பழுதுகள் வெளியே வரும். சூடாகிவிட்டால் அவை ஒளிந்துகொள்ளும். வெங்கிடபதி சரி என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை செண்பகவல்லியும் ஃபெலிக்ஸும் போனார்கள். கேட்டுக்கு எதிரே, வாசல் தெளிக்க வரும் பெண் விடியும்போது போட்ட கோலம் ஒரு புள்ளி கலையாமல் இருந்தது. கேட்டருகே வந்த வெங்கிடபதி, "யாருங்க?" என்றார். செண்பகவல்லி குரல் கொடுத்ததும், "அட, அம்மணியா! வாங்க, வாங்க" என்று திறந்துவிட்டார்.

ஃபெலிக்ஸ் நேரே போய்க் காரின் பானெட்டில் கை வைத்தார். சுட்டது.

"ஸ்டார்ட் பண்ணீங்களா, சார்?"

வெங்கிடபதி தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்ச நேரந்தானுங்க. கை மாறிப் போறதுக்குள்ள ஒருக்கா சத்தம் கேக்கோணும்போல இருந்துச்சு. வண்டியை நகத்தவே இல்லீங்க."

ஃபெலிக்ஸ் செண்பகவல்லியை ஓரமாக அழைத்தார். "மேடம், இவரு ரேஸ் ஓட்டின ஆளு. கையில சாவி, வாசல்ல ரோடு. கடைசி ஆசைன்னா ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருப்பாரு. கோலத்துல டயரே படலை. நின்ன இடத்துல சூடு பண்ணினா, எதையோ மறைக்கிறாருன்னுதான் அர்த்தம். விட்டுடுங்க."

செண்பகவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்கு ஒரு தடவை பாத்துடலாமே" என்று கெஞ்சினார். அப்படியானால் சாவி நம்மிடம் இருக்க வேண்டும் என்றார் ஃபெலிக்ஸ். வெங்கிடபதி முணுமுணுக்காமல் சாவியை எடுத்து நீட்டினார். செண்பகவல்லி எட்டி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் பானெட் குளிர்ந்திருந்தது. செண்பகவல்லி சாவியைத் திருகினார். இஞ்சின் உறுமியது, பின்னால் குபுகுபுவென்று நீலப் புகை வாசல்வரை எழுந்து, சற்று நேரத்தில் அடங்கியது. உள்ளே ஆயில் கசிந்து எரிகிறது என்று அதற்கு அர்த்தம். வெங்கிடபதி காரின் முன்னால் நின்று பானெட்டில் உள்ளங்கையை வைத்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "கேட்டீங்களா அம்மணி? இதுல ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?"

"இந்தப் புகையைத்தான் நேத்து மறைச்சாரு. பொய் சொல்ற ஆள்கிட்ட வாங்காதீங்க, மேடம்" என்றார் ஃபெலிக்ஸ்.

செண்பகவல்லி அந்த மனிதரையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "வாங்கிக்கறேன்" என்றார்.

வெங்கிடபதி சொன்னது பொய்யா, மெய்யா? ஃபெலிக்ஸ், செண்பகவல்லி, இந்த இரண்டு பேரில் மனிதரைச் சரியாகக் கணித்தது யார்?

விடை: இஞ்சின் விஷயத்தில் ஃபெலிக்ஸ் சொன்னது அத்தனையும் சரி. அவர் இல்லாவிட்டால் செண்பகவல்லி பழுதைத் தெரியாமலே தலையில் கட்டிக்கொண்டு வந்திருப்பார். மனிதரைக் கணித்ததில்தான் ஃபெலிக்ஸ் தவறிவிட்டார். வெங்கிடபதிக்குக் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெளுத்த காரைச் சிவப்பு என்றதும், முன்பே வந்துபோனவரை யாரென்று கேட்டதும், சாவியை வெறும் காற்றில் நீட்டியதும் அதனால்தான். பார்க்கவே முடியாத புகையை அவர் எப்படி மறைப்பார்? ரோட்டுக்குப் போகாததற்கும் அதுதான் காரணம். அந்தக் காரில் அவருக்கு மிச்சமிருந்தது சத்தம் ஒன்றுதான். செண்பகவல்லி பழுதைச் சரிசெய்த பிறகு, தன்னந்தனியாகப் போக வேண்டும் என்று ஏங்கிய அந்த முதல் சவாரிக்கு வெங்கிடபதியின் வீட்டு வாசலில் போய் நின்று, இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். தடவித் தடவி ஏறி உட்கார்ந்த வெங்கிடபதி ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: "மெதுவாப் போயிராதீங்க, அம்மணி."