மரப்பட்டைச் சாடியும் ராஜாவின் வலது கையும்

ஊருக்கு ஒரு ராஜா இருந்த காலம் அது. அப்படி ஒரு ராஜாதான் கனகவேள். அழகாக எதைப் பார்த்தாலும் "இது எனக்கு மட்டும்" என்பான்.

அவன் நாட்டில் மூக்காயி என்று ஒரு குயத்தி. ஈரக் களிமண்ணைத் தட்டித் தகடாக்கி, மரத்தின் பட்டைமேல் வைத்து அழுத்துவாள். வெடிப்பும் வரியும் முடிச்சும் மண்ணில் அப்படியே இறங்கும். அதை வளைத்துச் சாடியாக்கிச் சுட்டால், மரமே சூளையிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

முதலில் வேப்பமரத்துச் சாடி அரண்மனைக்குப் போனது. ராஜா தடவிப் பார்த்தான். "இதுபோல இன்னொன்று யாரிடமும் இருக்கக் கூடாது. அந்த மரத்தை வெட்டு!" வெட்டினார்கள்.

அடுத்து பனைமரத்துச் சாடி கேட்டான். தராவிட்டால் சூளையை இடிப்பானாம். தந்தாள். "வெட்டு!" வெட்டினார்கள்.

மூன்றாவதாக, ஏரிக்கரை மருதமரத்துச் சாடி கேட்டான். கேளுங்கள், அந்த மரத்தின் வேர்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மரம் போனால் கரை போகும். கரை போனால் ஊர் போகும். சபையில் அத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்களே, ஒரு வாய் திறந்ததா? மந்திரி மட்டும் திறந்தார்: "ஆஹா, என்ன ரசனை!"

 மூக்காயி கும்பிட்டாள். "மகாராஜா, இந்தச் சாடியில முதல்ல உங்க வலது கை பதியட்டும்."

ராஜாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஈரத் தகட்டில் கையை அழுத்தினான்.

சூளை ஆறியதும் சாடி சபைக்கு வந்தது. அதில் மரப்பட்டையே இல்லை. ஐந்து விரலும் உள்ளங்கை ரேகையும்தான்.

"அடடா! உலகத்திலேயே இப்படி ஒன்று கிடையாது!" என்றான் ராஜா.

"இனியும் இருக்கக் கூடாதே, மகாராஜா!" என்றாள் மூக்காயி. "மந்திரி ஐயா, கோடாலிக்காரனைக் கூப்பிடுங்க. வேம்புக்கும் பனைக்கும் செஞ்சதை இந்தக் கைக்கும் செய்யச் சொல்லுங்க."

ராஜா கையை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டான். "வலிக்குமே!" என்று வாய்தவறிச் சொல்லியும்விட்டான்.

"வேம்புக்கு வாய் இல்ல. அதான் உங்களுக்குக் கேக்கலை."

ராஜா மந்திரியைப் பார்த்தான். இந்த முறை மந்திரிக்கு ரசனை வரவில்லை.

"மருதமரத்தை விட்டுவிடுங்கள்" என்றான் ராஜா, தரையைப் பார்த்தபடி.

மரம் நின்றது. கரையும் நின்றது. வெட்டுப்பட்ட வேம்பும் பனையும் திரும்பி வரவேயில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே நினைவில் வையுங்கள்: அழகைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள, அது பிறந்த இடத்தையே அழிப்பவன் கிரீடம் வைத்திருந்தாலும் கொள்ளைக்காரன்தான்.